என் போனில் மாமாவின் சர்க்கரை

பத்திரிகை வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும், "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்று மேடையில் சொன்னதும் எழுந்துவிடுவேன். அதற்குள் செய்திக் குறிப்பு கைக்கு வந்திருக்கும். மூன்று பத்திக்கு விஷயம் தேறியிருக்கும். சாப்பாட்டு வரிசையும் காலியாக இருக்கும். (பிரியாணி அண்டாவில் கறி மேலாகக் கிடக்கும் நேரம் அது.) இந்தப் பழக்கத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நஷ்டப்பட்டவர் என் அக்கா புருஷன்.

தேவராஜ் மாமா பஸ் டிரைவர். கோவளத்தில் வீடு, செங்கல்பட்டில் டிப்போ. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, டியூட்டி ஏறுவதற்குச் சற்று முன்னால், டிப்போ வாசலில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாஸ்தா சாப்பிடாமல் கிளம்பியதன் விளைவு. யாரோ இனிப்பு டீ வாங்கிக் கொடுக்க, பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார். ஆனால் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அந்தப் பத்து நிமிஷம் சின்ன விஷயமில்லை. டாக்டர் சான்றிதழ் வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

செங்கல்பட்டில் அவரைப் பார்த்த பெண் டாக்டர் மாத்திரையை மாற்றினார். இடது மேல்கையின் பின்புறத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டினார். சில நிமிஷத்துக்கு ஒருமுறை அது சர்க்கரை அளவை மாமாவின் போனுக்கு அனுப்பும். பதினான்கு நாளும் அளவு எழுபதுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் சான்றிதழ். இதுதான் பேச்சு. மாமா அந்தக் கையைக் கோயில் கலசம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தார்.

அந்த அளவை வீட்டில் இன்னொருவர் போனிலும் பார்க்கலாம். எஸ்தர் அக்கா என்னைக் காட்டினாள். நான் மருத்துவப் பக்கம் பார்க்கிறவன் அல்லவா? வாரம் ஒருமுறை இதயம், ஈரல், மூட்டு என்று எழுதி எழுதி, கால்வாசி டாக்டர் ஆகிவிட்டதாக எனக்கும் ஒரு நினைப்பு. அன்று முதல் மாமாவின் சர்க்கரை என் சட்டைப் பையில் இருந்தது. அவர் இட்லி சாப்பிட்டால் எனக்குத் தெரியும். மூன்றாவது வடை என்றாலும் தெரியும். ஒருநாள் போன் செய்து, "மாமா, நூற்று எண்பது காட்டுது, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"மச்சான், பொண்டாட்டி ஒருத்தி போதும்டா எனக்கு" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டாவது நாள் ஞாயிறு. அதுவரை ஒருமுறைகூட எழுபதைத் தொடவில்லை. அன்று மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் டாக்டர்கள் கருத்தரங்கு. பல துறைகளில் வந்திருக்கும் புதிய சிகிச்சைகளைப் பற்றியது. மார்பைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாக இதய வால்வு பொருத்துவதைப் படம் போட்டுக் காட்டினார்கள். மூளைக்குப் போகும் குழாயில் அடைத்த ரத்தக் கட்டியை மெல்லிய கம்பியால் இழுத்து எடுப்பதைக் காட்டினார்கள். கடைசியில் சர்க்கரை சென்சார் பற்றிய பேச்சு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, சொந்த வீட்டுக் கல்யாண வீடியோ பார்ப்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பேச்சாளர் கேள்விகள் உண்டா என்றார். எழுந்தேன்.

போகிற வழியிலேயே செய்தியையும் அனுப்பிவிட்டேன். தலைப்பு: 'தூக்கத்திலும் காவல் காக்கும் கருவி'.

தட்டில் இரண்டாவது கரண்டி விழும்போது போன் அலறியது. மாமா: 62. அம்புக்குறி கீழ் நோக்கி. அடுத்த முறை பார்க்கையில் 54. அதற்கடுத்து எண்ணே இல்லை. மிகக் குறைவு என்ற எச்சரிக்கை மட்டும்.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. (காலையில் ஆராதனை நடுவே சத்தம் போட்டதால் அக்கா அவர் போனின் வாயை அடைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.) அக்காவுக்குப் போட்டேன். அவள் சபையில் பெண்கள் கூட்டத்தில் இருந்தாள், போன் அணைந்திருந்தது. என் பக்கத்தில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வயதான டாக்டர் என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். அவர் நிதானமாக, "பக்கத்துல ஆள் இருந்தா முதல்ல விரலைக் குத்தி ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க" என்றார். நீங்கள் எந்தத் துறை என்று கேட்டேன். முழங்கால் அறுவை சிகிச்சை என்றார். முழங்கால்காரரிடம் சர்க்கரைக்கு யோசனை கேட்கும் அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஹாஜா பாயை அழைத்தேன்.

ஹாஜா பாய் மாமா வீட்டுக்கு எதிரே கரும்பு ஜூஸ் கடை வைத்திருப்பவர். நாஸ்தா நேரத்திலிருந்து பொழுது சாயும்வரை மாமா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். போன் என் காதில் இருந்தது.

"உள்ள வன்ட்டேன் தம்பி. பாயில படுத்துகினு கீறாரு. தூங்குறாப்புல தான் கீது. கொறட்டை வுடறாரு."

அது குறட்டை இல்லை என்று நான் அறிவித்தேன். மயக்கத்திலும் மூச்சு அப்படித்தான் சத்தம் போடும் என்றேன். இதை எங்கே படித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வாயில எதாவது இனிப்பா ஊத்துங்க பாய். சீக்கிரம்."

கரும்பு ஜூஸ் கடைக்காரரிடம் இனிப்புக்கு யோசிக்க வேண்டிய அவசியமில்லை. பாயோடு கடையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர் மாமாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பாய் ஊற்றினார். இருமல் சத்தம் கேட்டது, பிறகு மாமாவின் குரல், பிறகு அச்சில் ஏற்ற முடியாத சில சொற்கள்.

"எனக்கு ஒண்ணியும் இல்லன்றாரு தம்பி" என்றார் பாய்.

காலையில் வாங்கிய செய்திக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. சர்க்கரை மிகவும் இறங்கிய நோயாளி குழப்பத்தில் தனக்கு ஒன்றுமில்லை என்று மறுக்கக்கூடும். அதை நான் சத்தமாக வாசித்தேன். அதன்பின் மாமா எவ்வளவு தெளிவாகத் திட்டினாரோ, அவ்வளவுக்கு எல்லோரும் பயந்தார்கள்.

இந்த நேரத்தில் என் போனில் எண் திரும்பி வந்தது. 66. பிறகு 88. "ஏறுது பாய், வேலை செய்யுது! இன்னொரு கிளாஸ்!" என்று கத்தினேன். சாப்பாட்டுக் கூடத்தில் இதயம், மூளை, கண், காது எல்லாத் துறையும் திரும்பிப் பார்த்தது. பாய் கிளாஸ் எல்லாம் தேடவில்லை, குடத்திலிருந்து மக்கில் மொண்டு கொடுத்ததாகப் பிறகு சொன்னார்.

எங்கள் போட்டோகிராபரின் பைக்கை வாங்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்தேன். திருவிடந்தை தாண்டும்போது என்னை நானே பாராட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரப் பக்கத்துக்கு இதை எப்படி எழுதலாம் என்று முதல் வரிகூட யோசித்துவிட்டேன்.

வீட்டு வாசலில் கூட்டம். அதே நேரம் தெருவின் அந்த முனையிலிருந்து அக்கா வந்துகொண்டிருந்தாள். தன் வீட்டு முன்னால் அவ்வளவு பேர் நிற்பதைப் பார்த்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு ஓடி வந்தாள். ஒரு செருப்பு நடுத்தெருவில் கிடந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தவள் மாதிரி வாயை முந்தானையால் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். வேலையில் எத்தனையோ வீட்டு வாசல்களில் நோட்டோடு நின்றிருக்கிறேன். ஓடி வருகிறவர்களின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. எறும்புகள் வரத் தொடங்கியிருந்தன. அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கி, உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

மாமா என்னைப் பார்த்தார். "இன்னா மச்சான், கறிக்கொழம்பு துன்னுட்டு ஒரு மனுசன் தூங்கக் கூடாதா?"

அக்கா அலமாரியில் இருந்த மீட்டரை எடுத்து அவர் விரலைக் குத்தினாள். 312.

அந்த எண்ணைப் பார்த்ததும் மாமா திட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "பன்னெண்டு நாளு" என்றார் மெதுவாக. "பன்னெண்டு நாளு வாயக் கட்டினேன்டா."

பதினான்காம் நாள் முடிந்து செங்கல்பட்டு டாக்டரிடம் போனபோது நானும் போனேன். சாட்சியாக அல்ல, குற்றவாளியாக. டாக்டர் அச்சடித்த கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். அமைதியான கடல் மாதிரி போன கோடு, ஞாயிறு மதியம் ஒரு கிணற்றுக்குள் விழுந்து, எழுந்து, மலை மேல் ஏறியிருந்தது. பேனாவை அங்கே வைத்து, "இங்க என்ன நடந்துச்சு?" என்றார்.

சொன்னேன். வாழ்க்கையில் நான் கொடுத்த மிக நேர்மையான செய்தி அதுதான். அவர் மாமாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பக்கமாப் படுத்துத் தூங்குனீங்க?"

"இடது பக்கம்மா."

சென்சார் இருக்கும் கையின்மேல் உடம்பின் பாரம் விழுந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, இல்லாத இறக்கத்தைக் காட்டும் என்றார். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். ஜூஸ் வேலை செய்கிறது என்று நான் கத்தியபோது எண் ஏறியது, மாமாவின் பாரம் அந்தக் கையிலிருந்து விலகியதால்தான். "எந்தக் கூட்டத்துலயும் இதைத்தான் முதல் கேள்வியா கேப்பாங்களே?" என்றார். நான் பிரியாணியை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் குரலை உயர்த்தாமல் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவர் நிஜமாவே மயக்கத்துல இருந்திருந்தா, நீங்க ஊத்தச் சொன்னது மூச்சுக் குழாய்க்குள்ள போயிருக்கும். முழிச்சிருந்தா மட்டும்தான் வாயில கொடுக்கணும். அன்னைக்கு அவர் தூங்கிட்டு இருந்ததால பொழைச்சாரு."

பக்கத்து மேஜையில் எங்கள் பத்திரிகை மடித்து வைக்கப்பட்டிருந்தது. 'தூக்கத்திலும் காவல் காக்கும்' வரைக்கும் வெளியே தெரிந்தது. எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கிணறு பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட அது போதாது, பஸ்ஸில் ஐம்பது பேர் இருப்பார்கள் என்றார். இன்னொரு சென்சார், இன்னும் பதினான்கு நாள். மாமா சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். அந்தப் பதினான்கு நாளும் கோவளம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸின் கியர் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் போனிலிருந்து அவர் சர்க்கரையை அக்காவே நீக்கிவிட்டாள். படுக்கும்போது இடது பக்கம் ஒரு தலையணையை முட்டுக் கொடுத்தாள்.

கோடு கடைசிவரை ஒழுங்காக ஓடியது. சான்றிதழ் கிடைத்தது. இப்போது கடை வழியாக பஸ் போகும்போதெல்லாம் மாமா இரண்டு முறை ஹாரன் அடிப்பார், ஹாஜா பாய் மக்கைத் தூக்கிக் காட்டுவார். காரணம் தெரியாத பயணிகள் அதை ஏதோ ஒரு சிக்னல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் கருத்தரங்குகளில் கடைசிக் கேள்விவரை உட்காருகிறேன். கறி கிடைப்பதில்லை.

சென்சாரைக் கழற்றி மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் மாமாவுக்கு லீவு கிடைக்கும் ஞாயிறுகளில், மதியம் இரண்டு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும்.

"மச்சான், தூங்கப் போறேன். இடது கை மேலதான் படுக்கப் போறேன். பேப்பர்ல போட்டுடாத."

பின்னால் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்கும். யார் விருந்துக்கு வந்திருந்தாலும் அவர்களுக்கு இந்தக் கதை முதலிலிருந்து சொல்லப்படும். ஒவ்வொரு முறையும் மக்கு பெரிதாகிக்கொண்டே வருகிறது, இப்போது அது ஏறக்குறைய ஒரு குடம்.

போன மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணிக்குப் போன் வரவில்லை. இரண்டே காலுக்கும் வரவில்லை. இரண்டு இருபதுக்கு நானே அழைத்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார், குரல் முழுக்கத் தூக்கம்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல மாமா. போன் வரலையேன்னு."

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி.

"பாய்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"சரி, வை" என்றார். பாயில் அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.