குவைத்துக்காரரைப் பாட வைத்த பேட்டரி அண்ணாச்சி

ஒரு தெருவை முழுசாகத் திருத்திவிட முடியும் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் நாகர்கோவிலில் பேட்டரி அண்ணாச்சிதான். எங்கள் தெருமுனையில் இன்வெர்ட்டர் பேட்டரி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

டிசம்பரில் வேளிமலை காலைப் பனிக்குள் காணாமல் போகத் தொடங்கினால், அண்ணாச்சிக்கும் கடையில் மனம் நிற்காது. வீடு வீடாக வந்துவிடுவார்.

"வருசம் தீரப் போவுது மக்கா. வாற வருசத்துக்கு என்ன நெனச்சிருக்கே?"

வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. காலையில் நடக்கப் போகிறேன் என்று ஒரு வருடம் நான் சொல்லித் தொலைத்தேன். புத்தாண்டு விடிவதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். அண்ணாச்சி மொபெட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீ நட. நான் பொறத்தால வாறேன்."

நான் முன்னால் நடக்க, அவர் மொபெட்டை உருட்டியபடி பின்னால் வந்தார். எதிரே வந்த பால்காரர், என்னை ஏதோ கேஸில் பிடித்துப் போகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

என் மனைவி இந்தி படிக்கப் போவதாகச் சொன்னாள். அண்ணாச்சி எங்கள் டிவியை இந்திச் சேனலில் வைத்துவிட்டு, ரிமோட்டைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொங்கல் வரைக்கும் செய்தியெல்லாம் இந்தியில்தான். டெல்லியில் பனிமூட்டம் என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. அது வேளிமலையைப் பார்த்தாலே தெரிகிற சங்கதி.

அதன் பிறகு தெருவே உஷாராகிவிட்டது. அண்ணாச்சி தலை தெரிந்தால், "இப்படியே இருந்தாப் போரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவோம்.

விஷயம் தெரியாமல் மாட்டியவர் குவைத்துக்காரர். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, எங்கள் தெருவில் வீடு வாங்கித் தனியாக இருந்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாரிடமும் பேச மாட்டார். அண்ணாச்சி விடாமல் மணியடித்ததில் எரிச்சலாகி, "பாட்டு படிக்கப் போறேன், போருமா?" என்று கதவைச் சாத்தினார்.

அவர் பாடத்தான் போகிறார் என்று அண்ணாச்சி அப்படியே நம்பிவிட்டார்.

"பாவம், ஆளுங்க முன்னால படிக்க வெக்கமா இருக்கும். சிதறால் மலைக்குக் கூட்டிட்டுப் போவோம். நீ காரை எடு" என்றார் என்னிடம்.

புத்தாண்டு சாயங்காலம் மூவரும் மலை ஏறினோம். குவைத்துக்காரர் எப்படிச் சம்மதித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சமணர்கள் குடைந்த கோயிலுக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தோம். கீழே தென்னையும் ரப்பரும் ஒன்றாகக் கலந்து பச்சைப் புகை மாதிரி கிடந்தன. நடுவே ஆறு வெள்ளையாக அசையாமல் நின்றது. போன வருடம் என்பது அங்கிருந்து பார்த்தால் எங்கோ யாருக்கோ நடந்தது போலிருந்தது.

"இனி படியும்" என்றார் அண்ணாச்சி.

"நான் சும்மா சொன்னேன் வே. என்னை விட்டிரும்."

"செரி. அப்பம் நான் படிக்கேன்."

ஒரு பழைய சினிமாப் பாட்டை அண்ணாச்சி எடுத்தார். அதைப் பாட்டு என்று சொல்ல நெஞ்சில் துணிவு வேண்டும். பாறையிடுக்கில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. குவைத்துக்காரர் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்தும் வே. அந்த வரி அப்பிடி இல்ல."

"பின்ன எப்பிடி?"

அவர் அந்த ஒரு வரியைப் பாடிக் காட்டினார். பிறகு அடுத்த வரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டும். கரகரத்த குரல்தான். ஆனாலும் அந்தக் காற்றில் எங்கள் மூவரையும் யாரோ மெல்லத் தூக்கிப் போவது போலிருந்தது. முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அவ போன பொறவு இதுதான் மொதத் தடவ" என்றார்.

அண்ணாச்சி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"இந்த வருசத்துக்கு உங்களுக்கு என்ன உத்தேசம் அண்ணாச்சி?"

"எனக்கா? நானும் தனி ஆளு. இப்பிடி நாலு பேரு கூட இருந்தாப் போரும் மக்கா."

வெளிச்சம் குறைந்ததும் இறங்கினோம். வழுக்கிவிடாமலிருக்க அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டார். சமதரைக்கு வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. கார் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.