ஓயாதாரின் இரண்டு உடம்பு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் மூக்குக்கண்ணாடி இந்த நிமிஷமே இரண்டாக உடையட்டும். கேள்விப்பட்டதை எழுதுகிற கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. கண்ணால் கண்டதை மட்டுமே சொல்கிறேன். அதுவும் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்டது.

அந்தக் கட்டடத்தின் வாசலில் விடிந்ததுமே கூட்டம் தெருமுனை வரை நிற்கும். நோயாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை பேரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, முதுகில் பை, பைக்குள் லேப்டாப், லேப்டாப்புக்குள் உலகத்து அறிவு முழுவதும். அறிவைப் பைக்குள் பத்திரமாகப் பூட்டிவிட்டு, தலையைக் காலியாக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்தவர் பெயர் ஓயாதார். அவர் சூட்டிக்கொண்ட பெயர்தான். வேறு யார் சூட்டுவார்கள்?

கம்ப்யூட்டர்களை ஓட்டுகிற லினக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு பெரிய தேர்வு இருக்கிறது. சர்வர் அறையில், அதாவது ஆபீஸ் முழுவதுக்கும் உழைக்கிற பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கும் அறையில், வேலை பார்க்கிறவர்கள் ஏறவேண்டிய மேல்படி. பாடம் இரண்டே விஷயம். ஒரே இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் இருப்பதுபோல ஓட்டிக் காட்டுவது ஒன்று. ஒரு சர்வர் படுத்துவிட்டால் பக்கத்துச் சர்வர் அதன் வேலையைச் சத்தம் போடாமல் எடுத்துக்கொள்வது இன்னொன்று. வெளியே இருப்பவனுக்கு எதுவும் தெரியக்கூடாது. சேவை ஓயவே கூடாது. புத்தகம் தலையணைக் கனம். படித்தால் தேறிவிடலாம். ஆனால் அதற்குப் படிக்க வேண்டுமே! அந்த இடத்தில்தான் ஓயாதார் கடை போட்டார்.

"புத்தகத்தை மூடுங்கப்பா. நான் பாடத்தைப் படிச்சவன் இல்ல, பாடமாவே ஆனவன்" என்றார்.

எப்படி ஆனார்? அவருக்கு இரண்டு உடம்பு. மேல்மாடிக் கூடத்தில் ஓர் ஓயாதார் வகுப்பெடுப்பார். அதே நேரத்தில் கீழ்த்தளக் கூடத்திலும் ஓர் ஓயாதார் வகுப்பெடுப்பார். ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பெரிய திரை. அதில் மறு கூடம் அப்படியே தெரியும். மேலே ஒருவர் குனிந்து ஐயாவின் சட்டைக் காலரோரம் ரகசியமாக ஒரு சொல் சொல்வார். கீழே இருக்கும் ஐயா கண்ணை மூடி அந்தச் சொல்லைச் சொல்வார். இரண்டு கூடமும் அதிரும். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் இரண்டு உடம்பும் காதை மூடிய கம்பளித் தொப்பியோடுதான் இருக்கும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானத்துக்குச் சளி ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

கூடத்துக்குள் நுழைய ஒரு கட்டணம். 'ஆள் ஏற்ற'த் தனிக் கட்டணம். ஓயாதார் தலையில் கை வைத்து ஒருவனுக்குள் இன்னும் சில பேரை ஏற்றிவிடுவார். ஒருவன் தூங்கினாலும் உள்ளே இன்னொருவன் படித்துக்கொண்டிருப்பானாம். வசதி குறைந்தவர்களுக்கு அவர் தொட்டுக் கொடுத்த நெட்வொர்க் கேபிள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தால் பாடம் தானாக நகலாகும். ஒரு மேலாளர் தம் சர்வரையே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஓயாதார் அதன் விளக்குகளைத் தடவிப் பார்த்து, "இதுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துல இருக்கற பிரின்டர் மேல பொறாமை" என்றார். மேலாளர் கேவிக் கேவி அழுதார். தமக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததாம்.

இந்தக் கூட்டத்தில் என் மகனும் ஒருவன். அவனுக்கும் மருமகளுக்கும் ஒரே ஆபீஸ், ஒரே சர்வர் அறை. மருமகள் போன தடவையே புத்தகத்தைப் படித்துத் தேறிவிட்டாள். மகன் கோட்டைவிட்டான். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் வேலையை விட்டுக் கிளம்பலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். தேர்வு அடுத்த வாரம். பயல் புத்தகத்தின் அட்டையைக்கூடத் திருப்பவில்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்து சோபாவில் மல்லாந்திருந்தான்.

"ஏங்க, சாப்பிட்டாச்சுல்ல? எந்திரிச்சு உக்காந்து படிங்க."

"சாப்பிட்டது மூணாவது ஆளு. எனக்கு இன்னும் பசிக்குது."

"அப்போ தட்டைக் கழுவப் போறது எந்த ஆளு?"

"அவன் இன்னும் பூட் ஆகல."

"நக்கலா? சம்பளம் நின்னு போச்சுன்னா நாலு பேருக்கும் சேத்து நான்தான் சோறு போடணும், தெரியுதா?"

"உள்ள ஒருத்தன் படிச்சுக்கிட்டுதான் இருக்கான். அவனைத் தொந்தரவு பண்ணாத" என்று மகன் கண்ணை மூடினான். படித்துக்கொண்டிருந்தவன் குறட்டை விட்டான்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நாளைக்கு நீங்களும் வாங்க. பெரியவங்க ஒருத்தர் சாட்சிக்கு வேணும்."

"எந்தக் கூடத்துலம்மா உக்காரணும்?"

"ரெண்டு கூடத்துலயும் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும் மாமா."

"சரிம்மா" என்றேன். சொன்ன வேலையைச் செய்கிறவன் நான்.

இரண்டு கூடத்துக்கும் நடுவில் வாசல் தளம். அங்கே ஒரு மேசை. மேசைமேல் இரும்பாலான வசூல் பெட்டி. மேல் கூடத்துப் பணமும் கீழ்க் கூடத்துப் பணமும் அதில்தான் விழும். பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவர் ஓயாதாரின் மனைவி. "அவருக்கு ரெண்டு உடம்பு. துணி துவைக்கிற எனக்கு முதுகு மட்டும் ஒண்ணுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு வைஃபை பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் துடைப்பம் வைக்கிற அறை.

வகுப்பு தொடங்கிச் சூடு பிடித்த நேரத்தில், மேல் கூடத்தில் மருமகள் எழுந்தாள்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். ஜோடி சர்வர் ரெண்டும் 'நான் உசுரோட இருக்கேன், நீ இருக்கியா'ன்னு ஒயர் வழியா கேட்டுக்கிட்டே இருக்கும். உங்க ரெண்டு உடம்பும் எப்படிக் கேட்டுக்கும்?"

"எனக்கு ஒயர் எதுக்கும்மா? உடம்பு ரெண்டு, மனசு ஒண்ணு."

"அப்போ வாசல்ல மினுக்கிக்கிட்டிருக்கே ஒரு வைஃபை பெட்டி, அதை அணைச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஓயாதாரின் தொப்பிக்குக் கீழே ஒரு துளி வியர்வை எட்டிப் பார்த்தது. கூடம் முழுவதும் அந்தத் துளியையே பார்த்தது.

"ஆகாது" என்றார். திரையில் கீழ் உடம்பும் சற்றுப் பிந்தி "ஆகாது" என்றது.

"அணைச்சுத்தான் பாரேம்மா! அப்பவாவது உனக்குப் புத்தி வரட்டும்!" என்று ஒரு சீடர் கத்தினார். ஒரு மோசடியைப் பிடிக்கச் சீடர்களைப்போல உதவி செய்கிறவர்கள் உலகத்தில் கிடையாது.

"ஏங்க," என்று என் மகனைக் கூப்பிட்டாள் மருமகள், "திரை அணைஞ்சதும் ஐயா காலர்ல ஒரு சொல் சொல்லுங்க. நான் கீழ போய்க் கேக்கறேன்."

போனாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

இரண்டு திரையும் கறுத்தன. மேலே, என் மகன் குனிந்து "கத்திரிக்கோல்" என்றான். ஓயாதார் திறந்த வாய் மூடாமல் நின்றார், என் மூக்குக்கு நேராக. கீழே, ஓயாதார் தொப்பியைக் காதோடு சேர்த்துத் தட்டித் தட்டிப் பார்த்தார், அதுவும் என் மூக்குக்கு நேராக. மருமகள் கீழ்க் கூடத்து வாசலில் தலையை நீட்டினாள்.

"ஐயா, மேல என்ன சொல் சொன்னாங்க?"

ஓயாதார் கண்ணை மூடினார். நெடுநேரம் மூடினார். "நல்ல சொல்" என்றார்.

கூடம் கைதட்டியது. ஆமாம், அதற்கும் தட்டியது.

இனிமேல் நடந்ததுதான் விசேஷம். இந்த இரண்டு உடம்புக்கும் ஆரம்பத்திலிருந்தே ஓர் ஏற்பாடு உண்டு. காதில் ஒருவன் சத்தம் நின்றுவிட்டால் அவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். மற்றவன் உடனே வசூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நடுவில் இருக்கும் தொடர்பு அறுந்துபோனால் இரண்டு பேருக்குமே மற்றவன் சத்தம் நின்றுபோகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்தப் பாடம் புத்தகத்தில் விளக்கமாக இருக்கிறது. அவர்கள்தான் புத்தகத்தை மூடச் சொன்னவர்களாயிற்றே!

"இதோ வந்துடறேன்" என்றார் மேலே இருந்தவர். "இதோ வந்துடறேன்" என்றார் கீழே இருந்தவர். ஒருவர் தடதடவென்று இறங்கினார். ஒருவர் தடதடவென்று ஏறினார். இரண்டு கூடமும் பின்னாலேயே ஓடின. வாசல் தளத்தில், பெட்டியின் இரண்டு கைப்பிடியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, இரட்டையராகப் பிறந்த அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"டேய், நீ மாட்டிக்கிட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"நான் எங்கடா மாட்டினேன்? உன் சத்தம்தான் நின்னு போச்சு!"

அப்புறம்தான் சுற்றிலும் நிற்கிற கூட்டத்தைக் கவனித்தார்கள். இருவரும் நிமிர்ந்தார்கள்.

"இவன் போலி! அசல் உடம்பு நான்தான்!"

"பொய்! நான்தான் அசல்!"

ஒருவரையொருவர் துடைப்ப அறைக்குள் தள்ளப் பார்த்தார்கள். தள்ளியதில் தொப்பிகள் கழன்றன. நாலு காதிலும் குட்டிக் குட்டியாக ஒலிக்கருவி, இரண்டு காலரிலும் குட்டி மைக். காதுக்குள் ஒளிந்திருந்த ஞானம் தரையில் உருண்டு மேசைக்கடியில் போயிற்று.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அம்மாள் மெதுவாக எழுந்தார். "அடப்பாவிகளா! ரெண்டு உடம்புன்னு நானும் நம்பித்தானே தெனமும் ரெண்டு தட்டுல சோறு வெச்சேன்! இதுல என் வீட்டுக்காரர் யாரு?"

"நான்தான்!" இரண்டு பேரும்.

"அப்போ தையல் மெஷின் வாங்கித் தரேன்னு சொல்லிச் சொல்லி ஏமாத்தினது யாரு?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

அம்மாள் அதற்குமேல் ஆராய்ச்சி செய்யவில்லை. இரண்டு பேரையும் துடைப்ப அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அட!" என்று என் மகன் துள்ளினான். "இதுதான் அந்தப் பாடமா? தொடர்பு அறுந்தா ரெண்டும் நான்தான் தலைவன்னு கெளம்பிடும், ஒரே பெட்டியில ரெண்டும் கை வைக்கும்! அதைத் தடுக்கத்தான், யார் தலைவன்னு தீர்த்துச் சொல்ல நடுவுல மூணாவது ஓட்டு ஒண்ணு வேணும்ங்கறது!"

"இருக்காங்களே" என்றாள் மருமகள், டிக்கெட் அம்மாளைக் காட்டி. "புரிஞ்சுதுல்ல? உள்ள ஏத்தின நாலு பேரையும் இங்கயே இறக்கிட்டு, நீங்க ஒருத்தர் மட்டும் வீட்டுக்கு வாங்க. படிக்கணும்."

வந்தான். படித்தான். தேறினான். வேலை தப்பியது. தட்டையும் இப்போது அவனே கழுவுகிறான்.

மற்றவர்கள்? சிலர் பெட்டியிலிருந்து பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெட்கத்தோடு போனார்கள். மீதிப் பேர் துடைப்ப அறைக் கதவுமுன் கைகட்டி நின்றார்கள். "தன் மானத்தையே கொடுத்து நமக்குச் செய்முறை வகுப்பு எடுத்துட்டாரே ஐயா!" என்று ஒருவர் உருகினார். அந்த அறைத் துடைப்பத்தின் குச்சிகளை இன்றைக்கும் கழுத்து அட்டைக்குள் செருகிக்கொண்டு திரிகிறார்கள். பெருக்கவேண்டிய இடம் அந்தக் குச்சிக்கு எட்டாத உயரத்தில், கழுத்துக்கு மேலே இருக்கிறது.

ஒரு பிளக்கைப் பிடுங்க இரண்டு விரல் போதும். பிடுங்கிப் பார்க்கலாமே என்று தோன்றத்தான் தலை வேண்டும். ஒருவர் தொப்பி போட்டிருக்கிறார் என்பதற்காகவோ, வயதானவர் என்பதற்காகவோ, முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணால் கண்டேன் என்று அடித்துச் சொல்கிறார் என்பதற்காகவோ எதையும் அப்படியே விழுங்காதீர்கள். எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் ஒரே நிமிஷத்தில் மேல் கூடத்திலும் கீழ்க் கூடத்திலும் முதல் வரிசையில் இருந்தேன். எனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது.