கதவில்லாத காரில் வந்த மாப்பிள்ளை

காலை மணி 8.47. நான் முதலில் பார்த்தது சேகரின் இடுப்பை. பட்டு வேட்டி, அதன்மேல் இறுகக் கட்டிய துண்டு, இடது கையில் பித்தளைச் சொம்பு. முகம் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருந்த கார் அவ்வளவு தாழ்வு. பக்கவாட்டுச் சன்னலின் உயரம் நான்கு அங்குலம்தான். சேகரின் வலது கை காரின் உடம்பைத் தடவிக்கொண்டே முன்னால் போனது, பிறகு பின்னால் வந்தது. அவர் மணப்பெண்ணின் அண்ணன். எங்கள் வழக்கப்படி மண்டப வாசலில் பெண்ணின் சகோதரர்தான் மாப்பிள்ளையின் கார்க் கதவைத் திறந்து, காலைக் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு உள்ளே அழைத்துப் போக வேண்டும். அவர் கதவின் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கைப்பிடி இல்லை. கதவே இல்லை. மாப்பிள்ளை நான். கதவில்லாமல் போனதற்குக் காரணமும் நான்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தாறு வயதில் எனக்குக் கல்யாண ஆசையைவிடக் கார் ஆசை ஒரு பிடி அதிகமாகவே இருந்தது. (இதை என் மனைவி படிப்பாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.)

எண்பதுகளின் கடைசியில் அந்தப் படம் மலேசியாவில் எங்கள் ஈப்போ நகருக்கு வந்தது. முகமூடி போட்டுக்கொண்டு ஊரைக் காக்கும் ஒரு பணக்காரனின் கதை. கதை எனக்கு மனத்தில் நிற்கவில்லை; கார் நின்றது. எழுபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்து மன்றத்தின் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அதே மாதிரி நாயகர்களின் கார்களைப் பார்த்திருக்கிறேன். கூரை திறந்த, சிரித்த முகமுள்ள கார்கள் அவை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போகலாம் போலிருக்கும். இது வேறு ஜாதி. முழு நீளத்தில் பாதி மூக்கு. மூக்கின் நுனியில் விமான இயந்திரம் போன்ற வட்ட வாய். பின்னால் வளைந்து எழும் இரண்டு இறக்கைகள். வால் பக்கத்தில் நெருப்பு கக்கும் குழாய். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு கிடையாது. கூரையே முன்னால் நகர்ந்து வழிவிடும். நாயகன் உள்ளே இறங்குவான். கூரை சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். மற்ற கார்கள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. இது வந்து நிற்பதற்காகவே செய்யப்பட்டது.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் ஈப்போ நிருபர். அந்தப் படத்தை நான்கு முறை குறிப்பேடும் டார்ச்சுமாகப் போய்ப் பார்த்தேன். நாயகன் ஆறடி என்று வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் நிற்கும் காட்சிகளில் காரின் உயரத்தைக் கணக்கிட்டேன். மூன்றாம் முறை பக்கத்து இருக்கைக்காரர் டார்ச்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். நான்காம் முறை இருட்டில் எழுதினேன். கூட்டல் கழித்தல் போக, அளவுகள் அரை அங்குலத்துக்கு மேல் தவறியிருக்காது என்று இன்றும் சொல்வேன்.

அளவுகளை எடுத்துக்கொண்டு மணியத்திடம் போனேன். ஒரே தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவன். குனோங் ராபாட்டில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்தான். அளவுகளைப் பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்:

"எப்ப கல்யாணம்?"

"ஆறு வாரம் இருக்கு."

"போதும் லா."

என் சிற்றப்பாவின் பழைய ஜப்பானிய கார் பலியானது. மூடிப்போன ரப்பர் ஆலையின் கூரைத் தகரம் இறக்கைகளாயிற்று. கதவுகளை மணியம் பற்றவைத்து மூடி, மேலே மழமழவென்று பூசிக் கறுப்படித்தான். கூரை ஒரு பழைய கடைக்கதவின் சக்கரங்களில், தண்டவாளத்தின்மேல் ஓடியது. வால் பக்கத்துக்கு ஓர் எண்ணெய்ப் பீப்பாய் (நாங்கள் தோங் என்போம்), அதற்குள் ஒரு பால்மாவு டின், டின்னுக்குள் ஒட்டுப்பால். பீப்பாயின் உள்பக்க வாயைக் காருக்குள்ளிருந்து ஒரு தகட்டால் அடைத்தோம். மரத்தில் வடிந்து காய்ந்த அந்த ரப்பர் எப்படி எரியும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

கல்யாணத்துக்குக் கறுப்புக் காரா என்று பெண்ணின் அத்தை தாப்பாவிலிருந்து ஆள் விட்டுக் கேட்டார். மூக்கின்மேல் மூன்று மஞ்சள் பட்டை போட்டுச் சமாதானம் செய்தேன். வாகன பூசையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தேன். அதற்குமேல் ஒரு மனிதன் என்ன முன்னெச்சரிக்கை எடுக்க முடியும்?

ஞாயிறு காலை மணியம் ஓட்ட, நான் பக்கத்தில் தலைப்பாகையும் ரோஜா மாலையுமாக உட்கார, கூரை மூடியது. வழியெல்லாம் சனம் கடைகளை விட்டு இறங்கி வந்து பார்த்தது. ஒரு சீனப் பெரியவர் சைக்கிளோடு வடிகாலில் இறங்கினார். (அடி இல்லை. எழுந்து கையசைத்தார்.) என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பதினான்கு நிமிடங்கள் அவை.

மண்டப வாசலில் மணியம் கம்பியை இழுத்து நெருப்பை மூட்டினான். ஒன்றரை முழத் தீ, கரும்புகை, ஒட்டுப்பால் நாற்றம். நாதஸ்வரக்காரர் ஒரே தாவலில் செருப்புக் குவியலைத் தாண்டினார். கார் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்த அத்தை கையிலிருந்த ஆரத்தித் தட்டைத் தோங்குக்குள் கவிழ்த்தார். யாரோ மேலும் இரண்டு வாளி ஊற்றினார்கள். அப்படியாக, நான் இறங்குவதற்கு முன்பே ஆரத்தி முடிந்தது.

மணியம் கூரையைத் தள்ளினான். நகரவில்லை. மறுபடி தள்ளினான். அண்ணாந்து பார்த்தேன். என் மாலையின் நாரும் சரிகையும் கிளம்பும்போதே கூரையின் சக்கரத்தில் சிக்கி, தண்டவாளம் நெடுகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தன. காரை அளந்தவன் மாலையை அளக்கவில்லை.

"மச்சான், கதவு எங்க?" இது சேகர், குனிந்து.

"கதவு இல்ல மச்சான். கூரதான் தெறக்கும்."

"அப்ப தெறங்க."

"தெறக்க மாட்டேங்குது."

சேகரின் முகம் சன்னலை விட்டு மேலே போனது. இடுப்பு மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

முகூர்த்தம் பத்து மணிக்கு முடிகிறது. அது தவறினால் அடுத்த நல்ல நாள் ஏழு வாரம் கழித்து. இதை எனக்குத் தெரிவித்தவர் என் மாமனார். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி. முப்பது வருடம் பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவர். சன்னலருகே முழங்காலிட்டுச் சொன்னார். காருக்குள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணியம் வேட்டியை அவிழ்த்து விசிறிக்கொள்ளத் தொடங்கியிருந்தான். மணி 9.20.

கடப்பாரை வந்தது. கூரையின் இடுக்கில் அதை வைத்துவிட்டு அனுமதி கேட்டார்கள். அப்போது நான் சொன்னதை அந்த வாசலில் இருந்த அறுபது எழுபது பேரும் கேட்டார்கள்:

"பெயிண்ட் போயிடும் மாமா."

மாமனார் சன்னலோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"மாப்பிள்ள, ஒங்களுக்கு எம்பொண்ணு வேணுமா, இந்தக் காடி வேணுமா?"

நான் மூன்று விநாடி பேசவில்லை.

அந்த விநாடிகளை வேறு யாராவது எண்ணியிருந்தால் மறுத்திருப்பேன். எண்ணியவள் மணப்பெண். கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலை கலாவுக்கு. மணமகள் அறையிலிருந்து முழு அலங்காரத்தோடு எழுந்து வந்து, என் கண்ணில் பட்டுவிடாமல் காரின் வால் பக்கமாக நின்றிருந்தாள். தாலிக்கு முன் பெண் வாசலுக்கு வரக்கூடாது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. கலாவின் குரல் அதைத் தாண்டி வந்தது. என்னிடம் அல்ல, அண்ணனிடம்.

"அந்தத் தோங் எத்தன இஞ்சு அகலம்னு கேளு."

"இருபத்திரெண்டர," என்றேன், கேட்பதற்கு முன்பே.

"அவரு தோளு எத்தன?"

எனக்குத் தெரியவில்லை. இறக்கையின் வளைவுகூடத் தெரியும். என் தோள் தெரியாது.

"பதினெட்டுக்கு மேல இருக்காது," என்றாள் கலா. "பொண்ணு பாக்க வந்தப்ப பாத்தேன். உள்தகட்டக் கழட்டிட்டுக் கால மொதல்ல விடச் சொல்லு. மாலைய உள்ளயே வுட்டுட்டு வரட்டும். பெயிண்ட் ஒண்ணும் ஆகாது."

கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

தகட்டை நான்கு திருகாணிகள் பிடித்திருந்தன. மணியம் இருக்கைகளுக்கு நடுவே ஊர்ந்துபோய்க் கழற்றினான். மாலையிலிருந்து தலையை உருவிக்கொண்டு, மல்லாந்து, காலை முன்னால் விட்டேன். உள்ளே ஈரக் கரி, ஆரத்தியின் மஞ்சள் தண்ணீர், அரைகுறையாக எரிந்த ஒட்டுப்பால். மணியம் என் தலையைப் பிடித்துத் தள்ளினான். முழங்கால்வரை வெளியே போனதும் இடுப்பில் கட்டியிருந்த பட்டுத்துண்டு ஒரு திருகாணியில் மாட்டிக்கொண்டது. நின்றுவிட்டேன்.

இருட்டில் படுத்திருந்த என் பாதங்களில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. சேகர் கடமை தவறாதவர். கிடைத்தது கால்தான், கழுவ வேண்டியதும் கால்தான். கழுவினார், துண்டால் துடைத்தார், சந்தனம் பூசினார், குங்குமம் வைத்தார். நாதஸ்வரம் மறுபடி ஒலித்தது. போட்டோகிராபரின் பிளாஷ் தோங்குக்குள் வரை வந்து என் கண்ணைக் கூசவைத்தது. எங்கள் ஆல்பத்தில் 'மாப்பிள்ளை அழைப்பு' என்ற பக்கத்தில் இருப்பது ஒரு கறுப்பு வட்டமும் அதிலிருந்து நீளும் இரண்டு கால்களும். முகம் கிடையாது. யாருடைய கால் என்று கீழே என் மாமனார் தம் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.

துண்டைத் திருகாணியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, 9.52-க்குத் தாலி கட்டினேன். முதுகு முழுக்கக் கரி. மணியம் காருக்குள்ளேயே இருந்தான். அவன் தோள் இருபத்து நான்கு அங்குலம். அட்சதையைச் சன்னல் வழியாக அவனே வாங்கி, அங்கிருந்தே மண்டபத்தின் பக்கமாக எறிந்தான். பந்தியின்போது சாப்பாட்டைச் சுருட்டி அதே வழியாகக் கொடுத்தார்கள். பாயசம் மட்டும் போகவில்லை. பன்னிரண்டரைக்குப் பட்டறை ஆட்கள் வந்து கூரையை அறுத்தார்கள். பெயிண்ட் போனது.

ஆனாலும் அந்தக் கார் சும்மா போய்விடவில்லை. அடுத்த சில மாதங்களில் ஈப்போவில் ஐந்தாறு கார்களுக்கு இறக்கை முளைத்ததை நானே பார்த்தேன். எல்லாம் மணியத்தின் கைவேலை, எல்லாவற்றிலும் கதவு இருந்தது. எங்கள் காரின் இறக்கைகளைத் தாப்பா பக்கத்துத் தோட்டக் கோயிலுக்குக் கொடுத்தோம். நீலமும் பச்சையும் அடித்து ரதத்து மயிலுக்கு மாட்டினார்கள். பார்த்தால் இன்னமும் பறக்கத்தான் போகிறது போலிருக்கும்.

வீட்டில் அந்த மூன்று விநாடிக்கு வயதாகவே இல்லை. மீன் குழம்பா கோழியா என்று கலா கேட்டு நான் கொஞ்சம் யோசித்தால், பிள்ளைகள் மூவரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். மாமனார் கடைசிவரை என் எந்தக் காரிலும் முன் இருக்கையில் ஏறும்முன் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்ப்பார்.

போன தை மாதம் எங்கள் மூத்த மகளுக்குக் கல்யாணம். அதே மண்டபம். மாப்பிள்ளை நடந்து வந்தார்.