முப்பது அடிக்கு ஒரு வானம்

லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தகர அறை. காலை ஆறு மணிக்கே அதன் வாசலில் ஐம்பது டிரைவர்கள் வரிசை. உள்ளே மேக ஐயா! ஒரு முனையில் பனி கொட்டும்போது மறுமுனையில் வெயில் கொளுத்துகிற அவ்வளவு பெரிய தேசம். அதன் எந்த மூலையில் நாளைக்கு என்ன நடக்கும் என்பதை நாற்காலியைவிட்டு எழாமலே சொல்லிவிடுவார். சுவரில் தேசப்படம். கேட்ட ஊர்மேல் ஈர விரலை வைப்பார், கண்ணை மூடுவார், சீட்டு எழுதித் தருவார். காணிக்கை ஆளுக்கு ஒரு கேன் டீசல். மேகத்தோடு பேசுகிறவருக்கு டீசல் எதற்கு என்று எவனும் கேட்கவில்லை.

நிபந்தனை ஒன்றுதான். சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது, சொல்லவும் கூடாது. மீறினால் பலிக்காது.

பலித்தவன் திரும்பி வந்து ஊரைக் கூட்டுவான். பலிக்காதவன், எவன் கண்ணில் பட்டுத் தொலைத்ததோ என்று தன்னையே நொந்துகொண்டு வாயை மூடிக்கொள்வான். அருமையான ஏற்பாடு!

எதிரே தார்ப்பாய் தைக்கிற பெரியவருக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "உங்க யாவாரம் படுத்துருச்சு, அதான் வயித்தெரிச்சல்" என்பார்கள். படுத்தது நிஜம்தான். வெயில் சீட்டு வைத்திருக்கிறவன் தார்ப்பாய் எதற்குத் தைப்பான்?

அன்றைக்கு அவருடைய மருமகன் பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டுகிற சங்கிலியைத் தன் லாரியிலிருந்து இறக்கி அவர் கடை வாசலில் போட்டான்.

"ஏன் மாப்ளே இறக்கறே? வடக்குக் கணவாய்க்குத்தானே போறே?"

"அதை மட்டும் கேக்காதீங்க மாமா. சொன்னா பலிக்காது."

சொல்லாமலே தெரிந்தது. வெயில் சீட்டு!

"கோடை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சுப்பா. அங்க நாளைக்குப் பனின்னு ரேடியோ கத்துதே, காதுல விழலையா?"

"ரேடியோ 'பெய்யக்கூடும்'னு இழுக்குது மாமா. ஐயா அடிச்சுல்ல சொல்றாரு!"

பெரியவருக்கு அந்தக் கணவாய் தெரியும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது. வீட்டில் மகளுக்கு ஏழு மாதம். ஊசியைப் போட்டுவிட்டு நேரே வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இன்னிக்கு வடக்குக் கணவாய்க்குப் போறது யார் யாரு?"

மருமகனையும் சேர்த்து மூன்று பேர் கை தூக்கினார்கள்.

"சீட்டைக் காட்டுங்க."

"ஐயோ பெரியவரே, காட்டினா பலிக்காதே!"

"பலிக்காம போகட்டும்னுதான்யா கேக்கறேன். பனின்னு எழுதியிருந்தா காட்டித் தொலை. பனி பெய்யாது. உனக்கு நல்லதுதானே?"

வரிசை யோசித்தது. பழக்கமில்லாத வேலை, கொஞ்சம் நேரம் பிடித்தது.

மீசைக்கார டிரைவர் முகமெல்லாம் பல்லாகச் சீட்டை நீட்டினார். 'கடும் பனி.' டேங்கர் ஓட்டுகிறவர் முண்டியடித்து வந்தார். "என்னுதையும் பாருங்க! இடி, மழை!" மருமகன் மட்டும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். மீசைக்காரர் விடுவாரா? கையை விட்டு உருவினார். 'தெளிந்த வானம்.'

மூன்றும் ஒரே கையெழுத்து.

"மூணு வண்டியும் ஒண்ணு பின்னால ஒண்ணா, ஒரே ரோட்டுல போகுது. முப்பது அடிக்கு ஒரு வானமாய்யா?"

சத்தம் கேட்டு மேக ஐயா வெளியே வந்தார். "அவரவர் நம்பிக்கைக்குத் தக்க வானம்!"

"டயருக்கு நம்பிக்கை கிடையாதே சாமி. அது வழுக்குமே!"

முதலில் சிரித்தது மீசைக்காரர். "என் டீசலை எடுய்யா!" என்று கத்தியது டேங்கர்க்காரர். மேக ஐயா அறைக்குள் பாய்ந்து பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு ஓடினார், அப்போதும் இரண்டு கையிலும் கேன்.

மருமகன் யார் முகத்தையும் பார்க்காமல் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு நடந்தான். பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்குள் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஒருவன் மேக ஐயாவின் நாற்காலியையே தூக்கி வந்து போட்டான்.

"உக்காருங்க பெரியவரே. தெற்க நாளைக்கு எப்படின்னு நீங்களே சொல்லிடுங்க."

"உதைப்பேன்! ரேடியோ சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, நோட்டுல எழுதி வை. நடந்துச்சா இல்லையான்னு மறுநாள் பாரு. அப்புறம் நம்பு."

"சரிங்க. எழுத ஆரம்பிக்க எது நல்ல நாளு?"

"மண்டையைத் திறக்கவும் நாள் பார்க்கணுமாடா?"