சிவப்புப் பேனாவும் பன்னிரண்டு பல்புகளும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிவப்புப் பேனா தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். அந்த வீட்டில் அவர் சட்டைக் கை மேலே ஏறினால், ஏதோ ஒரு சாமானுக்குக் கெட்ட நேரம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

சிவப்புப் பேனா என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். அச்சகத்தில் பிழை திருத்துகிற உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிற கை, வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? சோப்பு அட்டை, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, எது கிடைத்தாலும் சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வந்துவிடும். ஒருமுறை பல் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத் திருத்தி டாக்டர் கையிலேயே நீட்டினார். அந்தக் கோபத்தில் டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிவிடப் போகிறாரே என்று அவர் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மனைவியைத் தெருவில் டெய்லரம்மா என்பார்கள். முன்னறையில் தையல் மிஷின், பக்கத்தில் ஒரு பெரிய மரத் தையல் பெட்டி. அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது, கத்தரிக்கோல் முனை கெட்டுப்போகும் என்பது கல்யாணமான புதிதிலேயே போட்ட சட்டம். யூனிஃபார்ம், திரைச்சீலை, சோபா உறை என்று தைத்ததையெல்லாம் பொழுது சாயும்போது காரில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஓட்டுவது அவள்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைப் பலகைகளில் பிழை பார்த்துக்கொண்டு வருவார்.

இப்போது காரின் கதைக்கு வருவோம். போன மாதம் மாமனார் வந்திருந்தார். வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக ரோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, உங்க வண்டி வெளிச்சத்துல ரோடே தெரியல. என் மக குத்துமதிப்பாத்தான் ஓட்டிட்டு வர்றா."

"எல்லா பல்பையும் எல்.ஈ.டி.யா மாத்திடறேன் மாமா. நானே மாத்தறேன்."

அந்த 'நானே'வைக் கேட்டதும் மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் இந்த மருமகன் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை. அவர் வேலை செய்வார், மருமகன் டார்ச் பிடிப்பார். அதற்கும் நாலு தடவை, டார்ச்சை ஆட்டாதீங்க மாப்பிள்ளை என்று சொல்வார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாமனார் சொன்னார்: "யார் துணையும் இல்லாம நீங்களே மாத்திக் காட்டுங்க. என் டூல்ஸ் பெட்டி உங்களுக்கு."

சிவப்புப் பேனாவுக்குப் புல்லரித்துவிட்டது. பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி அது, பித்தளைக் கொக்கி போட்டது. நாற்பது வருஷம் மாமனாரின் சைக்கிள் கேரியரில் ஊரெல்லாம் சுற்றியது. அது கைக்கு வந்துவிட்டால் டார்ச் பிடிக்கிற பதவியிலிருந்து விடுதலை. அதைவிட முக்கியம், மாமனாரே வாய் திறந்து ஒத்துக்கொண்ட மாதிரி. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

அவருக்குத் தன்மேல் சந்தேகமே கிடையாது. ஏன் என்று கேளுங்கள். வீட்டில் அவர் பழுது பார்த்த ஒரு சாமான்கூடக் கைவிட்டதில்லை. ஆனால் உடனே ஓடாது. அதற்கு அவர் ஒரு தத்துவமே வைத்திருந்தார். பழுது பார்த்த சாமானுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும் என்பார். காலிங் பெல்லைச் சரிசெய்தார். பொத்தானை அழுத்தினால் குளியலறை விளக்கு அணைந்தது. அவர் பதறவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தார், பெல் கணீரென்று அடித்தது. மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், எல்லாம் இப்படித்தான். அச்சகத்தில் மிஷின் நின்றால்கூட, கொஞ்சம் தூங்கவிட்டுப் பாருங்கப்பா என்று யோசனை சொல்கிறவர் அவர்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமனார் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவதாக இருக்க, அவர் பன்னிரண்டு எல்.ஈ.டி. பல்புகளோடு கார் கொட்டகைக்குள் நுழைந்தார். மனைவியிடம் மூன்றே மூன்று விஷயம் கேட்டார்: ஒரு பழைய துணி, ஒரு டம்ளர் தண்ணீர், கொட்டகைப் பக்கம் யாரும் வராமல் இருப்பது.

"நான் ஏன் வரப்போறேன்? எனக்கு ஊசி நூலைத் தவிர என்னங்க தெரியும்?" என்று அவள் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் ஒரு மணி நேரம் அவர் பல்பைத் தொடவே இல்லை. அட்டைப்பெட்டிக்குள் விளக்கத்தாள் ஒன்று இருந்தது. பத்து பாஷையில் அச்சடித்திருந்தார்கள், தமிழ் ஏழாவது. அதில் இருந்த பிழைகளைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது? உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினார். பதினொன்றாவது வரியில் பேனா நின்றது. 'எரியாவிட்டாலோ, வெளிச்சம் இடம் தவறி விழுந்தாலோ, பல்பைத் திருப்பிப் போடவும்' என்று இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. ஆனால் விஷயமே தப்பாக அவருக்குப் பட்டது. பல்புக்கு ஏது முன்பக்கம், பின்பக்கம்? நாற்பத்தாறு வருஷமாகப் பல்பு பார்க்கிறவருக்குத் தெரியாதா? அந்த வரியை அழுத்தி இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் 'பொருளற்றது, நீக்கவும்' என்று எழுதினார்.

பிறகு வேலை நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்கு அவர் சாவியைத் திருப்பிப் பார்த்தபோது காரின் நிலைமை இது: உள்கூரை விளக்கு எரியவில்லை. நம்பர் பலகை விளக்கு எரியவில்லை. முகப்பு விளக்கு இரண்டில் ஒன்று சுவரைப் பார்த்தது, இன்னொன்று கொட்டகைத் தகரத்தைப் பார்த்தது. திரும்புவதற்குப் போடுகிற இண்டிகேட்டர் நாலும், பரீட்சைக்கு நேரமாகிவிட்ட பையன் கண் மாதிரி படபடவென்று சிமிட்டின. பிரேக் விளக்கு ஒழுங்காக எரிந்தது. அதற்கே அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்.

முகத்தில் கிரீஸோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. செட் ஆகணும்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். பன்னிரண்டு பல்பு இருக்கே, இரண்டரை வெச்சுக்கோ."

"அப்ப கை கழுவிட்டுச் சாப்பிட்டுப் படுங்க. அப்பா வர நேரம் இருக்கு," என்று தட்டை எடுத்து வைத்தாள். அன்றைக்குப் பார்த்து மூன்று தடவை பரிமாறினாள். அவரால் எழுந்து கட்டில்வரைக்கும் நடப்பதே பெரும்பாடாகப் போயிற்று.

ஆனால் தூக்கம் வர வேண்டுமே. பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக வரவில்லை. கண்ணை மூடினால் பச்சைப் பெட்டி, திறந்தால் மாமனாரின் மூக்குக்கண்ணாடி. இரண்டரை மணி நேரத்தில் செட் ஆகாவிட்டால் என்ன செய்வது? புரண்டு புரண்டு படுத்தார். முன்னறையில் மிஷின் சத்தம் நின்றது. தையல் பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இரும்போடு இரும்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம். கத்தரிக்கோலுக்கு இத்தனை கனமா என்று நினைத்துக்கொண்டே எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார்.

கொட்டகையில் டெய்லரம்மா நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஊசி குத்தி வைக்கிற பஞ்சு மணிக்கட்டில் கட்டியபடியே இருந்தது. கையில் குறடு, வாயில் ஸ்க்ரூடிரைவர். பானெட்மேல் அவருடைய விளக்கத்தாள் விரிந்து கிடந்தது. அவள் அதை முதலிலிருந்து படிக்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தேடினாள். இரண்டு கோடு போட்டு அடித்திருந்த வரியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு, அதுதானே பார்த்தேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

உள்கூரை பல்பைக் கழற்றினாள், திருப்பிப் போட்டாள், எரிந்தது. நம்பர் பலகையையும் அப்படியே செய்தாள், எரிந்தது. முகப்பு பல்பைக் கால் சுற்றுத் திருப்பியதும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சம் சொன்னபடி கேட்டுக் கீழே இறங்கியது. விட்டாளா? கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து இரண்டு விளக்கு வெளிச்சமும் சுவரில் விழுகிற உயரத்தை அளந்தாள். சாக்குக் கட்டியால் கோடு போட்டாள். ஒரு திருகாணியை அரைக்கால் சுற்றுத் திருகி, இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். பாவாடை ஓரம் மடிக்கிறபோதுகூட அவள் இப்படித்தான் ஒரு நூல் பிசகாமல் பார்ப்பாள். கடைசியில் இண்டிகேட்டர் நாலையும் கழற்றி, அவர் குப்பைக்கூடையில் போட்ட பழைய பல்புகளை எடுத்து, துடைத்து, மறுபடி போட்டாள். சிமிட்டல் நிதானமாயிற்று. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

சிவப்புப் பேனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று நொடி இருக்கும். அடுத்து வெட்கம் வந்தது, அது கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. பெல், மிக்ஸி, மின்விசிறி, மோட்டார் என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயின. அதற்கு அப்புறம் வந்தது வேறு. அடேயப்பா, என்ன கை இது! பதினெட்டு வருஷமாக ஒரு வார்த்தை வெளியே விடவில்லையே, ஒரு தடவை குத்திக்காட்டவில்லையே. என் பொண்டாட்டி என்று அவளை இந்த ஊருக்கே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது அவருக்கு.

உடனே ஓடிப்போய் அவளிடம் ஒத்துக்கொண்டிருக்கலாம். ஒத்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் பெட்டி இருக்கிறதே. பெட்டியை வாங்கிக்கொண்டு அப்புறம் ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அவள் குறடைத் துடைக்க ஆரம்பித்ததும், பூனை மாதிரி நடந்து கட்டிலுக்கு வந்து படுத்தார். அவள் அறை வாசலில் எட்டிப் பார்த்தபோது, சந்தேகம் வரக்கூடாதே என்று நன்றாகக் குறட்டை விட்டார்.

ஆறு மணிக்கு மாமனார் வந்தார். கையில் பச்சைப் பெட்டி இருந்தது. காபிகூட வேண்டாம் என்று நேரே கொட்டகைக்குப் போனார். பொழுது மங்கியிருந்தது. மருமகன் சாவியைத் திருப்பியதும் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. மாமனார் காரைச் சுற்றி ஒரு தடவை வந்தார். சுவரில் இருந்த சாக்குக் கட்டிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இண்டிகேட்டர்ல மட்டும் பழைய பல்பு இருக்கே, ஏன் மாப்பிள்ளை?"

சிவப்புப் பேனாவுக்கு வியர்த்தது. போட்டதைப் பார்த்தாரே தவிர, காரணம் யாருக்குத் தெரியும்? மாமனார் முதுகுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைப் படபடவென்று சிமிட்டினாள்.

"புதுசு போட்டா ரொம்ப வேகமா சிமிட்டுது மாமா," என்றார்.

"ஆமா. எல்.ஈ.டி. கரண்டைக் கொஞ்சமா இழுக்கும். பல்பு போயிடுச்சுன்னு வண்டி நினைச்சுக்கும். பழசே போட்டது புத்திசாலித்தனம்," என்று மாமனார் பெட்டியை நீட்டினார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். இனி இது உங்களுது."

இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கின வேகத்தில் பெட்டி மூக்குவரைக்கும் மேலே வந்துவிட்டது. கனமே இல்லை. கொக்கியைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே ஒரு தலையணை இருந்தது. பெட்டி அளவுக்குக் கச்சிதமாகத் தைத்த சின்னத் தலையணை, கருநீலத் துணி, ஓரமெல்லாம் வெள்ளை மடிப்பு.

"டூல்ஸ் எங்கேன்னு பார்க்கிறீங்களா? வரும்போதெல்லாம் ரெண்டு ரெண்டா அவகிட்டக் கொடுத்துட்டுத்தான் போவேன். எல்லாம் தையல் பெட்டில இருக்கு," என்றார் மாமனார். "இதைப் போன வாரமே தச்சுக் கொடுத்துட்டா மாப்பிள்ளை."

தலையணையின் நடுவில் சிவப்பு நூலால் ஒரு வரி தைத்திருந்தது: 'எரியாவிட்டால் தூங்கவும்.'

பழக்க தோஷம், கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. பேனாவைத் திறந்துகொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். எழுத்து சரியாக இருந்தது, இடைவெளி சரியாக இருந்தது, முற்றுப்புள்ளிகூட ஒரு முடிச்சாக அதன் இடத்தில் இருந்தது. பதினெட்டு வருஷத்தைக் கணக்கில் எடுத்தால் பொருளும் சரிதான். பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

அவரிடம் இன்னும் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. மனைவி பக்கம் திரும்பி அதை இறக்கினார்.

"இன்னிக்கு நான் தூங்கவே இல்ல, தெரியுமா? நீ பண்ணதையெல்லாம் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரொம்பப் பிரமாதமா இருந்துச்சு."

"தெரியுங்க," என்றாள் டெய்லரம்மா. "நிஜமாத் தூங்கும்போது உங்களுக்குக் குறட்டையே வராது."