பந்தய ஷூவை எடை போட்ட வரலாறு

மனிதன் நான்கு காலில் நடப்பதை விட்டு இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது முதல் பெரும் முன்னேற்றம். அந்த இரண்டு காலிலும் கார்பன் தகடு வைத்த ஷூவை மாட்டிக்கொண்டது இரண்டாவது. நடுவில் நெருப்பு, சக்கரம், எழுத்து என்று ஏதேதோ கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் சங்கம் அவற்றைச் சில்லறை விஷயங்களாகவே கருதுகிறது.

எங்கள் சங்கம் என்றால் ஆரணி அதிவேக ஓட்டக்காரர்கள் சங்கம். நான் அதன் செயலாளர். வயது ஐம்பத்திரண்டு, தொழில் இன்ஷூரன்ஸ். நீ ஓடுவாயா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. செயலாளர் ஓடிவிட்டால் கூட்டக் குறிப்பை யார் எழுதுவது?

தலைவர் சுப்பராயலு, பட்டு முதலாளி. நூலும் ஜரிகையும் கொடுத்துச் சுற்றுவட்டாரத்தில் நூறு தறிகளில் புடவை நெய்து வாங்குகிறவர். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் சங்கம் பிறந்தது. டாக்டர் சொன்னது என்னவோ 'நடங்கள்' என்றுதான். தலைவர் எதையும் சின்னதாகச் செய்பவர் அல்ல என்பதால் நடை ஓட்டமாகி, ஓட்டம் பந்தயமாகி, கடைசியில் பேனராகவும் ஆகிவிட்டது: 'நெசவாளர் நலனுக்காக ஓடுவோம், பத்து கிலோமீட்டர்.' நாம் ஓடினால் நெசவாளருக்கு என்ன நலம் என்று ஒரு விஷமி கேட்டான். அவனை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

பந்தயம் என்றால் அதற்கென்றே செய்த ஷூ வேண்டும். மற்ற ஷூவெல்லாம் காலைப் பாதுகாக்கும். இது அப்படிப்பட்ட அற்ப வேலைகளைச் செய்யாது. உள்ளே கார்பன் தகடு ஒன்று வளைந்து படுத்திருக்கும். காலை ஊன்றினால் அது நிமிர்ந்து ஆளை முன்னால் தள்ளும்.

"நாம ஓட வேணாங்க. ஷூ ஓடும். நாம உள்ள இருந்தா போதும்" என்று தலைவர் விளக்கினார். அறிவியலை இவ்வளவு எளிமையாக ஆரணியில் வேறு யாரும் சொன்னதில்லை.

இந்த ஷூவுக்கு இன்னொரு மகத்துவமும் உண்டு. முன்னூறு கிலோமீட்டர் ஓடினால் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே வாங்கியவர்கள் யாரும் அதை மாட்டிக்கொண்டு ஓடுவதில்லை. காலையில் மைதானத்துக்குப் பெட்டியோடு கொண்டுவருவார்கள். திறந்து காட்டுவார்கள். மூடி எடுத்துப் போவார்கள். பயிற்சியெல்லாம் ரப்பர் செருப்பில்தான்.

எந்த ஷூ சிறந்தது என்பதில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. சிவப்பு ஷூ கட்சிக்கு அனந்தகுமார் தலைவர். வங்கி மேலாளர், தமிழ்ச் சமணரான நயினார் குடும்பம். ஷூவின் பசையில் ஏதாவது ஜீவன் கலந்திருக்கிறதா என்று கம்பெனிக்கு நான்கு கடிதம் எழுதியவர். 'தங்கள் கால் அளவு என்ன?' என்று நான்குக்கும் பதில் வந்தது. அவர் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பதால் ஓட்டத்துக்குத் தெம்பு சேர்க்கும் எங்கள் 'மாவுச்சத்து ஏற்றும் விருந்து' மாலை ஐந்துக்கே நடக்கும். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் எட்டு மணிக்கு மறுபடியும் ஏற்றிக்கொள்வோம். வெள்ளை ஷூ கட்சிக்கு வின்சென்ட். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவர். இரண்டு கட்சியும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

பேஜாரைத் தீர்க்கத் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். எது லேசான ஷூ என்று செயற்குழு முடிவு செய்கிறதோ அதை எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தன் அன்பளிப்பாக வாங்கித் தருவார். அதற்குப் பிறகு செயற்குழுவில் அறிவியல் மனப்பான்மை திடீரென்று வளர்ந்தது. நாலு பேர் தலைகாட்டுகிற கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பெட்டியிலும் 193 கிராம் என்றே அச்சடித்திருந்தது. கம்பெனிக்காரன் சொல்வதை நம்பி ஏமாறுகிறவர்களா நாங்கள்? எடை போட்டே தீருவது என்று தீர்மானித்து, ஞாயிறு காலை பத்து மணிக்குத் தலைவர் கடையில் கூடினோம்.

பட்டுக் கடைத் தராசு கிராம் பிசகாது. தலைவர் கடையில் அப்படி இரண்டு தராசு. முன் அறையில் இருப்பது நெசவாளருக்கு நூல் கொடுக்கும்போது போடுவது. பின் அறையில் இருப்பது நெய்த புடவையைத் திரும்ப வாங்கும்போது போடுவது. கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று. இப்படி ஒரு நிர்வாக ஒழுங்கை நான் எங்கும் கண்டதில்லை. கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே தராசில் குழப்பிக்கொள்ளும் வியாபாரிகளை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

பின் அறையில், தராசுக்குப் பக்கத்தில், முள்ளிப்பட்டு தெய்வநாயகி மடியில் புடவை மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக வீட்டுத் தறியில் தலைவருக்கு நெய்கிறவள். கடைசி மூன்று புடவையிலும், கொடுத்த எடைக்கு அறுபது கிராம் குறைந்திருந்ததாம். நாலாவதிலும் குறைந்தால் அடுத்த பாவு கிடையாது என்று தலைவர் சொல்லியிருந்தார். தறியில் ஏற்றும் அந்த நீள நூலை முதலாளி கொடுக்காவிட்டால் தறி சும்மா கிடக்க வேண்டியதுதான். மற்ற முதலாளிகளுக்கும் 'கை சுத்தமில்லை' என்று ஒரு வார்த்தை போய்விடும். பிறகு ஆரணியில் யாரும் அவளுக்கு ஒரு இழை கொடுக்கமாட்டார்கள். இவையெல்லாம் எங்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயங்கள் என்பதால் அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

"மொதலாளி, இத்த எடை பாத்துட்டீங்கன்னா நான் பஸ்ஸப் புடிச்சிப் போய்டுவேன்" என்றாள்.

"இரும்மா. மீட்டிங் நடந்துகினு இருக்குதில்ல."

வாழ்த்துரைக்குப் பின் ஆய்வு தொடங்கியது. நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு தராசிலும் ஒரே சமயத்தில் வைத்தோம். முன் அறையில் சிவப்பு ஷூ: 200. பின் அறையில் வெள்ளை ஷூ: 185.

வின்சென்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பதினஞ்சு கிராம் லேசு. நான் சொன்னேன், யாரு கேட்டீங்க?"

"ஒத்துக்க முடியாதுங்க" என்றார் அனந்தகுமார். "மாத்தி வைங்க."

சாமி புறப்பாடு மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி ஷூக்களை மாற்றிக்கொண்டு போனோம். முன் அறையில் வெள்ளை: 200. பின் அறையில் சிவப்பு: 185.

செயற்குழு சிந்தனையில் ஆழ்ந்தது. ஷூ அறைக்கு அறை எடை மாறுகிறது. உலகில் வேறு எந்த ஆய்வுக்கூடமும் காணாத உண்மை ஆரணியில் வெளிப்பட்டிருக்கிறது.

"ஒண்ணு எடது காலு, ஒண்ணு வலது காலா இருக்குமோ?" என்றார் ஒருவர்.

"ஈரப்பதங்க. பின் ரூம்ல காத்து காய்ஞ்சிருக்குது" என்றார் வின்சென்ட்.

"முன் ரூம்ல ஃபேன் ஓடுதில்ல. காத்து ஷூவுக்குள்ள பூந்துகினு கனம் காட்டுது" என்றார் தலைவர். ஃபேனை நிறுத்தினோம். வியர்த்ததே தவிர எடை மாறவில்லை. 'மேலும் ஆய்வு தேவை' என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது பின் அறையிலிருந்து குரல் வந்தது.

"ஷூ அதேதாங்க கீது. தராசுதான் வேற."

எல்லோரும் தெய்வநாயகியைப் பார்த்தோம். ஒரு ஓட்டம் ஓடாதவள்.

"இது டெக்னிக்கல் விஷயம்மா" என்றார் வின்சென்ட் அன்போடு.

"இருக்கட்டும் சார். எந்த ஷூவ வெச்சாலும் முன்ரூம்ல எரநூறு, பின்ரூம்ல நூத்தி எம்பத்தஞ்சு. முன்ரூம்ல எண்ணூறு காட்டற சாமான் பின்ரூம்ல எவ்ளோ காட்டும்? நீங்க வாத்தியாருதான, சொல்லுங்க."

இருபது வருஷம் பாடம் எடுத்த வாய். கணக்கைக் கேட்டதும் தானாகத் திறந்துகொண்டது. "எரநூறுக்குப் பதினஞ்சு. எண்ணூறுக்கு நாலு மடங்கு. அறுபது கொறையும்" என்றார். சொன்னபின்தான் தான் யார் கடையில் நிற்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

"எனக்கு மூணு தபாவும் அறுபதுதாங்க கொறைஞ்சிது. சொல்லி வெச்ச மாதிரி அறுபது. திருடறவ ஒரு தபா அம்பது, ஒரு தபா எழுபதுன்னு எடுக்க மாட்டாளா?"

அவள் எழுந்து முன் அறைக்கு வந்தாள். யாரும் கேட்காமலே வெள்ளை ஷூவைத் தராசிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். மூட்டையைப் பிரித்துப் புடவையையும், அறுந்த இழைகளை முடிந்து வைத்திருந்த பொட்டலத்தையும் தட்டில் வைத்தாள். "நூல் எண்ணூறு குடுத்தீங்க. குடுத்த தராசுலயே பாத்துக்கோங்க."

799 என்று எரிந்தது.

"அந்த ஒரு கிராமு காத்துல பறந்த பஞ்சுங்க. அதுக்கு வேணா என்னத் திட்டிக்கோங்க" என்றாள்.

தலைவர் தராசின் சுவிட்சை அணைத்தார். பதறவில்லை. பெரிய மனிதர்கள் பதறமாட்டார்கள். புடவையையும் பொட்டலத்தையும் தானே எடுத்துப் போய்ப் பின் அறைத் தராசில் வைத்து 739 என்று உரக்கப் படித்தார். "பொடவைன்னா பின்ரூம்லதாம்மா எடை. அது இந்தக் கடை ரூலு. நான் எதுக்கு சொல்லணும், படிச்சவங்க பன்னெண்டு பேரு இருக்கிறாங்க. அவங்களே சொல்லட்டும்." எங்கள் பக்கம் திரும்பினார். "ஷூ ஆர்டர் நாளைக்கே போட்டுர்லாங்களா? யார் யாருக்கு என்ன சைஸ்?"

தெய்வநாயகி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதுங்க" என்றார் முதலாமவர்.

"எட்டு."

"எனக்கும் எட்டுங்க."

வின்சென்ட் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். "பத்து" என்றார்.

அனந்தகுமார் பொய்யே சொல்லாத குடும்பத்தில் பிறந்தவர். அந்த மரபைக் காப்பாற்றினார். அவர் கால் அளவு உண்மையாகவே எட்டரைதான்.

நான் ஏழு என்றேன்.

இவ்வளவு ஜனநாயகமான வாக்கெடுப்பு எங்கள் சங்கத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. ஏகமனதாக மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. இரண்டு ஷூவின் எடையும் 185 கிராம் என ஏற்கப்படுகிறது. பின் அறைத் தராசு சங்கத்தின் 'அதிகாரபூர்வத் தராசாக' அறிவிக்கப்படுகிறது. மேற்படி தராசின்படி முள்ளிப்பட்டு தெய்வநாயகி கொண்டுவந்த புடவை எடை குறைவு எனச் சங்கம் சாட்சி அளிக்கிறது. கீழே பன்னிரண்டு கையெழுத்து.

"என் பேர எழுதினீங்களா சார்?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்கேம்மா."

"திருடின்னா?"

"சே, அப்படியெல்லாம் எழுதுவோமா? 'எடைக் குறைவு'ன்னுதான்."

"படிச்சவங்க எழுதினா அப்டித்தான் இருக்கும்" என்றாள். மூட்டை கட்டி வந்த வெறும் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பாவு கொடுக்கப்படவில்லை. புதன்கிழமைக்குள் ஊரிலுள்ள அத்தனை முதலாளிகளுக்கும், எங்கள் பன்னிரண்டு கையெழுத்தின் நகலோடு, வார்த்தை போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் ஷூவும் வந்து சேர்ந்தது. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, பச்சை. மொத்தமாக எடுத்தால் அதில்தான் தள்ளுபடியாம். அதை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. எங்களுக்குத் தராசு என்றாலே அலுத்துவிட்டிருந்தது.

பந்தய நாள் வந்தது. அன்பளிப்பு ஷூவை மாட்டிக்கொண்டு சும்மா நிற்பது மரியாதையல்ல என்பதால் நானும் ஓடினேன். ஆரணியில் புறப்பட்டு முள்ளிப்பட்டு வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். தலைவர் முன்னால் ஜீப்பில் மைக் பிடித்துக்கொண்டு போனார். மூன்றாவது கிலோமீட்டரிலேயே எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கார்பன் தகடு தள்ளுவதாக யாருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

முள்ளிப்பட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் மட்டும் சத்தமில்லை. அந்த வீட்டு வாசலில் தெய்வநாயகி நின்றாள். திட்டவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஜோடிப் பச்சை ஷூவையும் ஒன்று விடாமல் பார்த்தாள்.

பரிசளிப்பு மேடையில் எங்கள் கைக்கடிகாரங்களை ஆராய்ந்தார்கள். அவை கிலோமீட்டருக்கு இவ்வளவு நேரம் என்று குறித்து வைப்பவை. மற்ற கிலோமீட்டர்களுக்குப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு நிமிடம். முள்ளிப்பட்டுத் தெரு வந்த அந்த ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் வின்சென்ட், அனந்தகுமார், நான் உட்பட அத்தனை பேருக்கும் ஐந்தரை நிமிடம். கல்லூரிப் பையன்கள்கூட அந்தத் தெருவில் எங்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். "இதாங்க கார்பன் தகடு" என்று தலைவர் மைக்கில் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. நாங்களும் தட்டினோம்.

செயலாளர் என்ற முறையில் இதை மட்டும் குறிப்பில் சேர்க்க விரும்புகிறேன். அந்த வேகத்தை எந்தக் கம்பெனியாலும் ஷூவில் வைத்துத் தைக்க முடியாது. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனுக்குத்தான் அது வரும். அன்றைக்கு அந்தத் தெருவில் பன்னிரண்டு பேர் ஓடினோம்.