பூச்சி ஒட்டிய ப்யூக்

இந்த வருஷம் பழைய கார் விழாவிலிருந்து பெரிய கோப்பை இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று வெர்லின் ஹாகன் சபதம் செய்தபோது, அவன் வாயில் பாதி சாசேஜ் இருந்தது. இருந்தாலும் சபதம் சபதம்தான்.

சும்மாவா பின்னே? கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஐம்பத்தாறாம் வருஷத்து ப்யூக் கார் ஒன்றை ஒரு மாட்டுக்கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, பத்து வருஷம் திருகு திருகாகக் கழற்றிப் பூட்டியவன் அவன். மேலே பால் வெள்ளை, கீழே கடல்பச்சை. முன்னால் சிரிக்கிற குரோமியப் பல்வரிசை. பக்கத்துக்கு மூன்று வட்டத் துளைகள். துளைகள் எதற்கு என்று கேட்டால், "அழகுக்கு. வேற எதுக்கு?" என்பான். எங்கள் விஸ்கான்சின் ஊரில் அந்தக் காரைத் திரும்பிப் பார்க்காமல் போன மனிதர் கிடையாது. நானும் பார்த்து ஏங்கியவன்தான்.

"கார் முடியட்டும் நடீன், மொத சவாரி உனக்குத்தான். ஏரிக்கரைக்குப் போறோம், மீன் வறுவல் சாப்பிடறோம்" என்று பத்து வருஷமும் மனைவியிடம் சொல்லிவந்தான். முடிந்தது. முடிந்தும் இரண்டு வருஷம் ஆயிற்று.

"ஏரிக்கரை எப்போ?"

"வழியெல்லாம் ஜல்லி. கல்லு தெறிச்சா பெயின்ட் போச்சு."

"சரி, தெருமுனை வரைக்கும்?"

"தெருமுனையில அணில் இருக்கு."

"அணில் என்ன பண்ணும்?"

"குறுக்க ஓடும். நான் பிரேக் போடணும். டயர் தேயும்."

அணிலுக்காக மனைவியை வீட்டில் உட்கார வைத்த ஒரே கணவன் இவனாகத்தான் இருப்பான். நியாயமாகச் சொன்னால், அவனும் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்ததில்லை. இருநூற்றறுபது பவுண்டு உடம்பு. சீட்டின் தையல் விட்டுவிடும் என்று பயம். ஆனால் இன்ஜினை அவ்வப்போது சூடு பண்ண வேண்டுமே! அதற்கு ஒரு யோசனை செய்தான். அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் உலகத்திலேயே இல்லை என்று நம்பினான்.

"நீ ஒல்லி. சீட்டு அமுங்காது. புதன்கிழமை நான் பந்து உருட்ட பௌலிங் கூடத்துக்குப் போறப்ப ஷெட்டுக்குள்ளயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை. ஷூவக் கழட்டிட்டு ஏறணும். அப்படியே உள்பக்கத்தையும் நீயே தொடச்சிடு."

"ஐயோ, அவ்வளவு வேலையா?" என்று சலித்துக்கொண்டே நடீன் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அவனுக்கு ஒரே ஒரு குழப்பம்தான். வியாழக்கிழமை வெளிப்பக்கத்தைத் துடைக்கப் போனால், குரோமியப் பல்லிடுக்கில் பூச்சிகள் செத்து ஒட்டியிருக்கும். "ஷெட்டுக்குள்ளயே இவ்வளவு பூச்சியா!" என்று திகைத்து, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தான். பூச்சி குறையவில்லை. இரட்டை வலை அடித்தான்.

விழா நாள் வந்தது. நடீன் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி, காரை டிரெய்லரில் ஏற்றினாள். மைதானத்தில் இறக்கினாள். ப்யூக் பளபளத்தது. கூட்டம் மொய்த்தது. வெர்லின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். நடுவர் ஹார்லன் அட்டையும் பேனாவுமாக வந்தார்.

"அபாரம் வெர்லின். இப்ப மைல் மீட்டரைப் பாக்கலாமா?"

"அது எதுக்கு?"

"இந்த வருஷம் புது விதி. பொத்திப் பொத்தி வெச்ச பொம்மைக்குப் பெரிய கோப்பை கிடையாது. போன விழாவுக்கப்புறம் ஆயிரம் மைலாவது ஓடியிருக்கணும். லெட்டர் போட்டோமே?"

வெர்லின் நடீனைத் திரும்பிப் பார்த்தான். தபால் பெட்டியைத் திறப்பவள் நடீன். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷ உழைப்பு ஒரு எண்ணில் போகப்போகிறதே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹார்லன் உள்ளே எட்டிப் பார்த்தார். "போன வருஷம் அறுபத்தோராயிரத்து இருநூத்தி நாலு. இப்போ அறுபத்தி ரெண்டாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. ஆயிரத்து நூத்தி எண்பத்தெட்டு மைல்!"

"மீட்டர் பொய் சொல்லுது!" என்று கத்தினான் வெர்லின். "இந்தக் கார் ஷெட்டை விட்டு நகரவே இல்ல!"

நடீன் அவன் காலை ஓங்கி மிதித்தாள். "வாயை மூடு. கோப்பை வேணுமா, வேணாமா?"

அதற்குள் எங்கள் ஊர்ப் பாதிரியாரின் மனைவி கூட்டத்திலிருந்து முன்னால் வந்துவிட்டாள். "நகரலையா? புதன்கிழமையானா நான் பின் சீட்லதானே ஏரிக்கரைக்குப் போறேன்!"

"ஏரிக்கரைக்கா?"

"மீன் வறுவல் சாப்பிட. போக வர நாப்பத்தி நாலு மைல், இருபத்தேழு தடவை. பௌலிங் கூடத்தைத் தாண்டறப்ப உனக்கு ஹாரன்கூட அடிப்போமே, கேட்கலையா?"

கேட்டிருந்தது. "என் கார் ஹாரன் மாதிரியே இருக்கு. ஆனா என்னோடது இன்னும் இனிமை" என்று கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியும் இருந்தான்.

"நடீன்! ஜல்லி? அணில்?"

"ஜல்லி மேல மெதுவாப் போனேன். அணில் ஒதுங்கி நின்னு பாத்துச்சு. அதுக்கும் காரைப் பிடிச்சுப்போச்சு."

கோப்பை அறிவிக்கப்பட்டது. இது ஓட்டியவருக்குரிய கோப்பை என்று ஹார்லன் மைக்கில் சொல்லி, நடீன் ஹாகன் என்று பேரை வாசித்தார். மைதானமே எழுந்து கைதட்டியது. நடீன் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். வெர்லினுக்குக் கோபம்தான். அதைவிடப் பெருமை பொங்கியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவனும் அவன்தான்.

"டிரெய்லர் இங்கயே கிடக்கட்டும்" என்றாள் நடீன், ஷூவோடு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தபடி. "வா, ஏரிக்கரைக்குப் போகலாம்."

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் காரில் ஏற வெர்லின் முன்கதவைத் திறந்தான். அந்த சீட்டில் கோப்பை உட்கார்ந்திருந்தது.

"நீ பின்னால உக்காரு" என்றாள் நடீன். "ஷூவக் கழட்டிட்டு."